மூழ்கிய ஊர்

பஃபலோ சாலை அடகுக்கடையில்
இரண்டாம் எண் சன்னல் என்னுடையது.
உரைகல், அமிலப் புட்டி, கண்ணில் செருகும் லென்ஸ்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
எப்போதும் ஏதோ ஒரு முகம்.
வட்டி மாதம் ஒன்றரை.
ஆறு மாதம் தாண்டினால் மூழ்கும்.
மூழ்கும் என்றால் முதலாளி குவாவுக்குப் புரிவதில்லை.
தண்ணீர் எங்கே என்பார்.

செவ்வாயும் வியாழனும் கடையிலிருந்து நேரே
விக்டோரியா தெரு நூலகம்.
மூடப்போகிறோம் என்று ஒலிபெருக்கி சொல்லும்வரை
ஒரு ஜெர்மானியச் சிற்றரசின்
கணக்குப் புத்தகத்துக்குள் கிடப்பேன்.
பகுதிநேரப் பட்டத்துக்கு எட்டாயிரம் சொல் எழுத வேண்டும்.
ஹார்ட்டன்வால்ட்.
நம் தீவைப்போல் மூன்று மடங்கு இருக்கலாம்;
உறுதியாகச் சொல்ல முடியாது,
எல்லைக்கல்லை ஒருவரும் ஒரே இடத்தில்
இருக்கவிடவில்லை.

கோமகன் ஊடோ.
அப்பன் விட்டுப்போன நாட்டை
அண்ணன் தம்பி மூவரும்
மீன் அரிவதுபோல் அரிந்துகொண்டார்கள்.
தலை ஊடோவுக்கு.
தலையில் சதை குறைவு.
ஆற்றுச் சுங்கம் சின்னவனுக்குப் போயிற்று,
வெள்ளிச் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிற்று,
மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தது.
கல்யாணத்துக்கு ஒரு வரி.
வரி கேட்டுச் சபையைக் கூட்டினால்
குதிரைவீரரும் மடாதிபதிகளும் நகரத்தாரும்
மூன்று நாள் தின்று குடித்துவிட்டு
பார்க்கலாம் என்றார்கள்.
அந்தச் சாப்பாட்டுச் செலவும் கணக்கில் இருக்கிறது:
பன்றி பதினாறு, பீர் ஒன்பது பீப்பாய்.

அப்புறம் நாணயத்தில் கை வைத்தான்.
வெள்ளிக்குள் செம்பு.
ஆறு மாதம் பைக்குள் உரசினால் போதும்,
காசில் அவன் மூக்கு சிவக்கும்.
பக்கத்து நாட்டுச் சந்தையில்
அந்த மூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
மாற்றுக் குறைந்த வளையலைக் கல்லில் உரைத்து
ஒரு பெண்ணிடம் சொல்லும் நிமிடம்
எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் ஊரை அடகு வைத்தான்.
நீடராவ்: முந்நூற்றுப் பத்து அடுப்பு,
இரண்டு மாவு ஆலை, ஒரு பாலம்,
தோல் பதனிடுவோர் தெரு, அதன் நாற்றம்.
நாலாயிரத்து இருநூறு பொற்காசுக்கு
ஒரு வணிகனிடம்.
சீட்டில் ஊர் என்றுதான் எழுதியிருக்கிறது,
ஆட்களைத் தனியாக எழுதவில்லை.

மீட்க அவன் வரவேயில்லை.

வந்தது ஊர்.
பதினோரு வருடம் பீருக்கு மேல் காசு,
மாவுக்கு மேல் காசு,
கோயில் மணிக்கென்று சேர்த்த வெண்கலத்தையும் விற்று
நாலாயிரத்து இருநூறையும் மேசையில் கொட்டி
நீடராவ் தன்னைத்தானே மீட்டுக்கொண்டது.
அந்தப் பக்கத்தில் நான் நின்றுவிட்டேன்.
ஏழு வருடம் இந்தச் சன்னலில் இருக்கிறேன்.
ஒரு மோதிரமும் தானாக நடந்து வந்து
தன் சீட்டை நீட்டியதில்லை.

மறுநாள் வேலாயுதராசு வந்தார்.
ஆலங்குடிக்காரர், துவாஸ் கப்பல் பட்டறை,
நகம் முழுக்கத் துரு.
ஏஜெண்டுக்குக் கட்டிய பணம்
போன மாதத்தோடு தீர்ந்துவிட்டதாம்.
இருபத்தாறு மாதம்.
"இனிமே வர்றது எனக்கு" என்றார்,
வைத்திருந்த சங்கிலியை மீட்டு
அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டு
கண்ணாடியில் பார்த்தார்.
என் கண்ணாடியில்தான்.
நான் நீடராவைப் பற்றிச் சொல்லவில்லை.
வரிசையில் ஏழு பேர் நின்றார்கள்.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.
மீட்ட அன்று நகரத்தார்
ஊடோவிடம் ஒரு பத்திரம் வாங்கினார்கள்.
இந்த ஊரை இனி நானோ என் வாரிசோ
ஒருபோதும் அடகு வைக்கமாட்டோம்.
மெழுகு முத்திரை, சாட்சி பன்னிரண்டு.
ஒன்பதாம் வருடம்
மகன் வைத்தான்.
இந்த முறை ஐயாயிரத்துக்கு.
பாலத்தைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள் அல்லவா,
மதிப்பு கூடியிருந்தது.